பன்னிரண்டு அடி ஐந்து அங்குலம்

ஏப்ரல் 3, புதன்

காலை 7.4.

சீனி வருத்தத்துக்குப் போகும் இடத்தில் உள்ள தாதி இந்தக் கொப்பியைத் தந்து ஒரு மாதம் ஆகிறது. காலையில் விரலைக் குத்திப் பார்த்துச் சீனி அளவை எழுத வேண்டும்; ஏழுக்குக் கீழே நின்றால் நல்லதாம். கீழே அன்றைக்கு என்ன சாப்பிட்டேன், என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதவும் சொன்னாள். அளவு ஏன் ஏறுகிறது என்று அதிலிருந்து பிடிக்கலாமாம். இதுவரை சாப்பாட்டை மட்டும்தான் எழுதினேன். இன்று முதல் நடந்ததையும் எழுதுகிறேன்.

மத்தியானம் புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு.

பாண் தொழிற்சாலையில் என் வேலை காலை ஐந்து முதல் ஒரு மணி வரை. வீட்டுக்கு வர இரண்டு ஆகும். வீடு என்றால் ஸ்காபரோவில் தங்கை செல்வமலரின் வீடு. நான் பேஸ்மென்ட்டில் இருக்கிறேன். ஒரு அறை, ஒரு குளியலறை, பக்கத்தில் தனி வாசல். ஏழு வருடமாகிறது.

இன்று ஜெகசோதி போன் எடுத்தார். மலரின் கணவர். பார ஊர்தி ஓட்டுகிறவர், இப்போது ஒஹாயோவில் நிற்கிறார். பேஸ்மென்ட்டில் மிதுனாவுக்கு ஒரு பில்லியட்ஸ் மேசை, கோலால் பந்தை அடித்துக் குழியில் போடுவது, போடலாமென்று யோசிக்கிறார்களாம். என் அறைக்கு வெளியே இருக்கும் இடத்தை அளந்து வைக்கச் சொன்னார்.

மிதுனா அவர்களுடைய ஒரே பிள்ளை. பதினேழு வயது. பள்ளிக்கூடப் பூப்பந்து அணியில் முதல் ஆள். ஜனவரியில் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தார்கள். இந்த வருடம் விளையாட முடியாது என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து பிள்ளை அறையை விட்டு வருவதில்லை. பிசியோவுக்குப் போகும் சமூக நிலையத்தில் ஒரு பில்லியட்ஸ் மேசை இருக்கிறது. அங்கே மட்டும் அரை மணி நேரம் கூடுதலாக நிற்கிறாளாம். காலில் பாரம் வைத்து நிற்பதற்கும் மேசையைச் சுற்றி நடப்பதற்கும் நல்லதுதான் என்று பிசியோக்காரியும் சொல்லியிருக்கிறாள்.

ஏப்ரல் 4, வியாழன்

7.1. கோதுமைப் பாண், பருப்பு.

அளந்தேன். நீளம் இருபத்தொரு அடி இரண்டு அங்குலம். அகலம் பன்னிரண்டு அடி ஐந்து அங்குலம். ஒரு பக்கம் வீட்டின் கொங்கிறீற் சுவர். மறுபக்கம் என் அறைச் சுவர். கூரையோடு போகும் காற்றுக் குழாய்க்குக் கீழே ஆறடி நான்கு அங்குலம்.

என் அறையின் உள் அகலம் ஒன்பது அடி எட்டு அங்குலம். அதை ஒருவரும் கேட்கவில்லை. அளவு நாடா கையில் இருந்தது, அளந்தேன்.

ஜெகசோதி வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார் என்று அவருக்குப் போன் எடுத்துச் சொல்லவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

7.3.

ஜெகசோதி பின்னேரம் வந்துவிட்டார். மேலே குசினியில் கதைப்பது காற்றுக் குழாய் வழியாகக் கீழே கேட்கும். ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் என் கட்டிலுக்கு நேர் மேலேதான் அந்தக் குழாயின் வாய்.

“அது வெறும் பலகைச் சுவர்தானே” என்றார் ஜெகசோதி.

“அண்ணையின்ர அறையெல்லே” என்றாள் மலர்.

அதற்குள் ஹீட்டர் ஓடத் தொடங்கிவிட்டது. அது ஓடினால் வேறெதுவும் கேட்காது.

இரவு சாப்பிடக் கூப்பிட்டார்கள். வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

ஏப்ரல் 6, சனி

8.2.

மேசை பார்க்க ஜெகசோதியும் மிதுனாவும் நானும் போனோம். மலர் வரவில்லை. வீட்டிலிருந்தே போன் எடுத்துச் செய்யும் வேலை அவளுக்கு, சனிக்கிழமையும் உண்டு. மேல்மாடியின் மூன்றாவது அறை அதற்கே போய்விட்டது.

கடையில் ஏழடி, எட்டடி, ஒன்பதடி என்று மூன்று அளவு மேசைகள் இருந்தன. மிதுனா முதலில் ஒன்பதடியின் முன்னே போய் நின்றாள். அது போட்டிகளுக்கான அளவு. ஜெகசோதி எட்டடி மேசையைத் தட்டிப் பார்த்தார். “இதெண்டால் மேசை மாதிரி இருக்கு” என்றார்.

கடைக்காரர் பொறுமையான மனிதர். மேசையின் அளவு பெரிய விஷயமில்லை, மேசையைச் சுற்றி எவ்வளவு இடம் என்பதுதான் விஷயம் என்றார். ஒரு தாளில் கீறிக் காட்டினார். பந்து ஓரத்தில் நின்றால் கோல் முழுவதும் மேசைக்கு வெளியேதான் நீண்டு நிற்கும். கோலின் நீளம் ஐம்பத்தெட்டு அங்குலம். ஆகவே மேசையின் நாலு பக்கமும் ஏறக்குறைய ஐந்தடி சும்மா கிடக்க வேண்டும். எட்டடி மேசைக்கு அறையின் அகலம் பதின்மூன்று அடி நான்கு அங்குலம் வேண்டும். ஏழடிக்குப் பதின்மூன்று அடி போதும். அதற்குக் குறைந்தால் வாங்க வேண்டாம், நானே விற்கமாட்டேன், கட்டைக் கோல் வைத்து விளையாடுவது விளையாட்டில்லை என்றார்.

ஜெகசோதி என்னைத் திரும்பிப் பார்த்தார். “எங்கட அகலம் எவ்வளவு மச்சான்?”

பதின்மூன்று என்றேன்.

“அப்ப எட்டடி வராது” என்றார். கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஏழடி மேசையையே சொல்லிவிட்டு வந்தோம். மிதுனா பச்சைத் துணி வேண்டாம், நீலம்தான் வேண்டும் என்றாள். காரில் வரும்போது பிள்ளை தானாகக் கதைத்தாள். ஜனவரிக்குப் பிறகு அவள் இவ்வளவு கதைத்து நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

9.6. நேற்றுப் பெரிதாக ஒன்றும் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

9.1. பாண், முட்டை.

நடந்ததை எழுது என்று தாதி சொன்னாள். பழையதை எழுதலாமா என்று கேட்கவில்லை.

இங்கே வருவதற்கு முன் பிராம்ப்டனில் பெரியப்பாவின் மகன் வீட்டு பேஸ்மென்ட்டில் இரண்டு வருடம் இருந்தேன். கீழே திருத்த வேலை இருக்கிறது, ஒரு மாதத்துக்கு வேறு இடம் பார்க்கச் சொன்னார்கள். நல்ல விதமாகத்தான் சொன்னார்கள். சாமான் ஏற்றவும் உதவி செய்தார்கள். நான்கு மாதம் கழித்து அவர்களுடைய பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போனேன். கீழே ஒரு திருத்தமும் நடந்திருக்கவில்லை. என் கட்டில் கால்கள் அழுத்திய குழி நான்கும் கம்பளத்தில் அப்படியே கிடந்தன. கேக் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பேஸ்மென்ட் என்றதும் ஞாபகம் வந்தது.

ஏப்ரல் 14, ஞாயிறு

8.8. வருடப்பிறப்பு. பொங்கல் இரண்டு கரண்டி. மோதகம் ஒன்று, மலர் கட்டாயப்படுத்தியதால்.

ஏப்ரல் 18, வியாழன்

8.5.

இன்று லீவு எடுத்தேன். காலையில் மேசை வந்தது. மூன்று பேர் வந்தார்கள். மேசையின் உள்ளே மூன்று கற்பலகைகள். ஒவ்வொன்றையும் படியில் இறக்கி வளைவில் திருப்ப அரை மணி நேரம் பிடித்தது. பிறகு கொங்கிறீற் சுவர்ப் பக்கம் வேண்டிய இடத்தை விட்டு மட்டம் பார்த்து, மூட்டுகளில் மெழுகு ஊற்றி, துணியை இழுத்து அடித்தார்கள். ஜெகசோதி ஓட்டத்தில் இருக்கிறார். மலரும் நானும்தான் நின்றோம்.

வந்தவர்களில் மூத்தவர் சுவருக்கும் மேசைக்கும் நடுவே நின்று கையால் ஒரு முறை அளந்தார். இந்தப் பக்கம் இறுக்கமாக இருக்கிறதே என்று மலரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். மலருக்கு அடுத்த போன் வந்துவிட்டது. அவர் தோளைக் குலுக்கிவிட்டு, நாற்பத்தெட்டு அங்குலக் கட்டைக் கோல் ஒன்றை இலவசமாக வைத்துவிட்டுப் போனார். நான் கையெழுத்து வைத்தேன்.

மிதுனா பள்ளிக்கூடத்தால் வந்து பையைக் கழற்றாமலே இறங்கி வந்தாள். ஊன்றுகோலை விட்டு இரண்டு கிழமைதான் ஆகிறது. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். பந்துகளை அடுக்கி முதல் அடி அடித்தாள். அது நீளப்பக்கம், ஒரு பிரச்சினையும் இல்லை. இரண்டாவது அடிக்கு என் அறைப் பக்கம் வந்தாள். கோலைப் பின்னால் இழுத்ததும் அதன் அடிப்பக்கம் சுவரில் இடித்தது.

“சுவர் இடிக்குது மாமா.”

பழகப் பழகச் சரிவரும் என்று சொன்னேன்.

ஏப்ரல் 22, திங்கள்

9.4. சோறு குறைவாகத்தான்.

மூன்று மணிக்கு மிதுனா வருகிறாள். ஐந்து மணி வரை விளையாடுகிறாள். அந்த நேரம் நான் படுத்திருப்பேன். கோல் பந்தில் படும் சத்தம் ஒரு விதம். பந்து குழியில் விழும் சத்தம் வேறு விதம். கோல் என் சுவரில் இடிக்கும் சத்தம் என் தலைமாட்டுக்கு ஒரு முழம் தள்ளிக் கேட்கிறது. இன்று முப்பத்தொன்று வரை எண்ணினேன். பிறகு எழும்பித் தேத்தண்ணி வைத்தேன்.

ஏப்ரல் 24, புதன்

9.0.

மேசையைக் கொங்கிறீற் சுவர்ப் பக்கமாக மூன்று அங்குலம் நகர்த்தலாமா என்று பார்த்தேன். அசையவே இல்லை. அசைந்தாலும் மட்டம் போய்விடும். அதோடு அந்தப் பக்கம் குறைந்துவிடும்.

பழைய கம்பளத்துண்டு ஒன்றை இடுப்பு உயரத்தில் சுவரில் ஆணியடித்து வைத்தேன். சத்தம் குறைந்தது. கம்பளத்தின் தடிப்பால் இடமும் கால் அங்குலம் குறைந்தது. கழற்றிவிட்டேன்.

ஏப்ரல் 27, சனி

8.9. தோசை இரண்டு.

மிதுனா மேலே போய்ச் சாப்பிடாமல் தட்டைக் கீழே கொண்டு வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றே சாப்பிட்டாள். மலர் படியில் நின்று பார்த்தாள். பிள்ளை சாப்பிட்டாளே என்ற சந்தோஷம் அவள் முகத்தில் தெரிந்தது. என்னிடம் வந்து, நல்ல காரியம் செய்தோம் அண்ணை என்றாள்.

சுவர்ப் பக்கம் பந்து நின்றால் மிதுனா இப்போது நேராக நிற்பதில்லை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, வலது காலைப் பின்னால் வைத்து, கோலைச் சரித்துப் பிடித்து அடிக்கிறாள். வலது கால்தான் வெட்டின கால். கட்டைக் கோலை எடு என்று சொன்னேன். அது சின்னப்பிள்ளைகளுடையது என்று தொட மறுத்துவிட்டாள்.

மே 2, வியாழன்

10.3.

முழங்கால் வீங்கிவிட்டது. பிசியோவில் பார்த்துவிட்டு இரண்டு கிழமை மேசைப் பக்கம் போகவே கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். காலைத் திருகி நின்றதால் வந்ததாம். பிசியோக்காரி அவளை நிற்கும் விதத்தைக் காட்டச் சொல்லி, ஏன் இப்படி நிற்கிறாய் என்று கேட்டாளாம். எனக்கு அப்படித்தான் வருகிறது என்று பிள்ளை சொன்னாளாம். மலர் வந்து இதையெல்லாம் எனக்குச் சொன்னாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குச் சத்தம் இல்லை. நித்திரையும் வரவில்லை.

மே 3, வெள்ளி

10.8.

மே 4, சனி

காலையில் சீனி அளவு பார்க்கவில்லை.

மலர் கடைக்குப் போயிருந்தாள். ஜெகசோதி புல் வெட்டிக்கொண்டிருந்தார். நான் மேலே போனேன். மிதுனா சோபாவில் காலை நீட்டி, முழங்காலில் ஐஸ் பையோடு இருந்தாள். தொலைக்காட்சி ஓடியது. அவள் அதைப் பார்க்கவில்லை.

மேசை போட்ட இடத்தின் அகலம் பதின்மூன்று அடி இல்லை என்று சொன்னேன்.

திரும்பிப் பார்த்தாள். “எவ்வளவு?”

“பன்னிரண்டடி அஞ்சு அங்குலம்.”

“பிழையா அளந்தனீங்களா?”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல்தான். அவளும் நம்பியிருப்பாள்.

“இல்லைப் பிள்ளை. சரியாத்தான் அளந்தனான். கடையில மாத்திச் சொன்னனான்.”

ஏன் என்று அவள் கேட்பாள், அதற்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவள் அதைக் கேட்கவில்லை. ஐஸ் பையைத் தூக்கி முழங்காலைப் பார்த்தாள்.

“நான் நிக்கிறதுதான் பிழை எண்டு நினைச்சன் மாமா. என்ர கால்தான் இனிச் சரிவராது எண்டு நினைச்சன். ஒவ்வொரு நாளும் அந்தப் பக்கம் நிண்டு நிண்டு பழகினனான்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள். நான் கீழே வந்தேன்.

மே 5, ஞாயிறு

11.2.

ஜெகசோதியும் மலரும் காலையிலேயே கீழே வந்தார்கள். பிள்ளை சொல்லியிருக்கிறாள். ஜெகசோதி அளவு நாடாவை எடுத்து ஒரு தரம் அளந்தார். நான் மறு முனையைப் பிடித்தேன். பன்னிரண்டு அடி ஐந்து அங்குலம்.

நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். “நான் கடைக்குப் போக முதல் நாளே மலரிட்டச் சொன்னனான் மச்சான். இடம் போதாட்டி இந்தச் சுவரை ஒரு அடி மட்டில உங்கட பக்கம் தள்ளலாம், வெறும் பலகைச் சுவர்தானே எண்டு. உங்களைக் கேக்காமல் செய்யக்கூடாது எண்டு இவள் சொன்னாள். கேப்பம் எண்டுதான் இருந்தனான். நீங்கள் கடையில பதின்மூண்டு எண்டு சொன்ன உடனே, உங்களுக்கு ஏன் கரைச்சல் எண்டு விட்டிட்டன்.”

ஒரு அடி. என் அறையில் ஒன்பது அடி எட்டு அங்குலம் இருக்கிறது. ஒரு அடி போனால் எட்டடி எட்டு அங்குலம். கட்டிலை மறுபக்கம் திருப்பினால் எல்லாம் கொள்ளும். சுவரைத் தள்ளலாம் என்று எனக்கு ஒரு தரம்கூடத் தோன்றவில்லை. இந்த ஒரு மாதமும் சுவரையே எடுத்து என்னை அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலர் படியில் இருந்தாள். “நாங்கள் உங்களை வீட்டை விட்டு எழும்பச் சொல்லுவம் எண்டு நினைச்சனீங்களா அண்ணை?”

ஓம் என்று தலையாட்டினேன். “எங்களை ஆரெண்டு நினைச்சிருக்கிறீங்கள்” என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். குசினியில் பாத்திரங்களைப் போட்டு உருட்டும் சத்தம் குழாய் வழியாக வெகுநேரம் கேட்டது.

நான் வேறு இடம் பார்க்கிறேன் என்று ஜெகசோதியிடம் சொன்னேன். பிள்ளையின் காலுக்கு இப்படிச் செய்துவிட்டு இங்கே இருப்பது சரியில்லை என்றும் சொன்னேன்.

அவர் சுவரைத் தட்டித் தட்டி உள்ளே மரச்சட்டம் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகத்தான் இருந்தார். காதெல்லாம் சிவந்திருந்தது. “வார சனி நான் நிப்பன். நீங்களும் லீவு எடுங்கோ. இதைத் தனிய என்னால தள்ளேலாது.”

மே 8, புதன்

9.7. கீரை, சோறு.

மிதுனா கதைப்பதில்லை. நான் வாசலால் வரும்போது குசினி யன்னலில் நின்றால் உள்ளே போய்விடுகிறாள். அது சரிதான்.

மலர் வழக்கம்போலச் சாப்பாடு கொண்டு வந்து வைக்கிறாள். படியில் வைத்துவிட்டுக் கூப்பிடுகிறாள். முன்பு உள்ளே வந்து வைப்பாள்.

மே 11, சனி

8.6.

கட்டிலையும் அலுமாரியையும் குளியலறைப் பக்கம் தள்ளிவிட்டு, மேசைக்கு மேலே போர்வை போட்டு மூடினோம். ஒரு மின்சாரக்காரர் வந்து சுவரில் இருந்த வயரைக் கழற்றி விட்டுப் போனார். பிறகு நானும் ஜெகசோதியும் பலகைகளைப் பெயர்த்தோம். வெளிப்பக்கப் பலகையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு நீட்டுக்குச் சின்னச் சின்ன அரை வட்டப் பள்ளங்கள். ஜெகசோதி விரலால் தடவிப் பார்த்தார். பலகையை மடித்து உடைத்துச் சாக்கில் போட்டார்.

பின்னேரம் சுவரே இல்லாமல் இருந்தது. முழுப் பேஸ்மென்ட்டும் ஒரே அறை. என் கட்டிலும் நீல மேசையும் ஒரே இடத்தில் நின்றன. இரவு அப்படியே படுத்தேன். பயந்ததுபோல ஒன்றும் இல்லை. நன்றாக நித்திரை கொண்டேன்.

மே 12, ஞாயிறு

7.9.

புதுச் சட்டம் அடித்தோம். அங்கிருந்து கொங்கிறீற் சுவர் வரை பதின்மூன்று அடி ஐந்து அங்குலம். நான் மூன்று தரம் அளந்தேன். ஜெகசோதி நாலாவது தரம் அளந்தார். இப்போது எட்டடி மேசையும் வரும், ஏழடியைக் கடைக்காரர் திருப்பி எடுப்பாரா என்று கேட்டுப் பார்க்கவா என்று மேலே பார்த்துக் கத்திக் கேட்டார்.

“ஏழே போதும்” என்று படியின் மேலிருந்து மிதுனாவின் குரல் வந்தது. தகப்பனுக்குத்தான் சொன்னாள்.

மே 16, வியாழன்

7.6. பாண், சாம்பார்.

பலகை அடித்து, மூட்டுகளைப் பூசி, காய்ந்ததும் தேய்த்து, வெள்ளை பூசியாகிவிட்டது. ஜெகசோதி ஓட்டத்தில் போய்விட்டதால் பூச்சு முழுவதும் நான்தான். அலுமாரியின் ஒரு கதவு இனி முழுவதும் திறக்காது, கட்டிலில் முட்டும். உட்காரக் கிடந்த ஒரே கதிரையை வைக்க இடமில்லை. வேலையில் ஒரு பெடியன் புதிதாக வீடு எடுத்திருக்கிறான், அவனுக்குக் கொடுத்துவிட்டேன்.

இன்று மலர் சாப்பாட்டை உள்ளே கொண்டு வந்து வைத்தாள். கதிரை எங்கே என்று கேட்டாள். சொன்னேன். கட்டிலில் இருந்து கொஞ்ச நேரம் கதைத்துவிட்டுப் போனாள்.

பிசியோவில் பிள்ளைக்கு வீக்கம் வற்றிவிட்டதாம். திங்கள் முதல் ஒரு மணி நேரம் விளையாடலாமாம்.

மே 21, செவ்வாய்

7.2. சோறு, மீன்குழம்பு, முருங்கைக்காய்.

நேற்று மூன்று மணிக்குப் படுத்திருந்தேன். ஜெகசோதி சட்டங்களுக்கு நடுவே பஞ்சு வைத்து அடைத்திருக்கிறார். ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவள் வந்தாளோ இல்லையோ என்றே தெரியவில்லை.

இன்று மூன்றே கால் வரை பொறுத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

மிதுனா இந்தப் பக்கம் நின்றாள். என் சுவருக்கு முதுகு காட்டிக்கொண்டு, இரண்டு காலையும் சரியாக ஊன்றி நின்றாள். கோலைப் பின்னால் இழுத்தாள். கோலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாணுக்கு மேல் இருந்தது. பந்து குழியில் விழுந்தது. கோல் நுனியில் சோக்கட்டி தடவிக்கொண்டு அடுத்த பந்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“கதவுக்க நிக்காதேங்கோ மாமா. எனக்கு ஆரோ பாத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கு.”

உள்ளே போகவா என்று கேட்டேன்.

“போங்கோ எண்டு நான் சொல்லேல்லையே” என்று சுவரில் சாத்தியிருந்த மற்றக் கோலைக் காட்டினாள்.

எனக்குக் கோல் பிடிக்கத் தெரியாது. இடது கை விரல்களை எப்படி வைப்பதென்று ஒரு தரம் காட்டினாள், இரண்டாம் தரம் காட்டவில்லை. மூன்று ஆட்டம் ஆடினோம். நான் ஒரு பந்தையும் போடவில்லை. வெள்ளைப் பந்தை மட்டும் இரண்டு தரம் போட்டேன். அதற்கு அவள் சிரிக்கவில்லை, அது பிழை என்று மட்டும் சொன்னாள்.

நாளைக்கும் மூன்று மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாள். பிந்தக்கூடாதாம்.